நாலு மணிக்கு வெளியே வரும் தோட்டம்

புதுப்பட்டினத்தில் அன்பரசி குடியிருந்த வீட்டின் தோட்டம், தினமும் சாயங்காலம் நாலு மணிக்குப் பள்ளி வேனின் ஹாரன் கேட்டதும், மண்ணை விட்டு வெளியே வந்து நிற்கும். கத்தரி, தக்காளி, வெண்டை, அவரை எல்லாம் துணி துவைக்கும் சிமெண்டுத் தரையில் வரிசையாக நின்று, பிள்ளைகள் இரண்டு பேரும் பையை இறக்கிவைத்துவிட்டு வந்து குனிந்து வேரைப் பார்க்கும்வரை காத்திருக்கும். நாலு வயது கிருபாகரன் "நல்லா கீது" என்று சொன்ன பிறகு ஒவ்வொன்றாகத் தன் குழிக்குள் இறங்கிக்கொள்ளும். முள்ளங்கிக்கு மட்டும் வெளியே வந்தால் திரும்பிப் போகத் தெரியாது. அது வந்த நாளில் வீட்டில் முள்ளங்கி சாம்பார்.

இந்தப் பழக்கம் ஒரு தவறிலிருந்து வந்தது. அன்பரசி அதற்கு முன் ஒரு செடியும் வைத்தவளில்லை. மருந்துக்கடையில் மதியம்வரை பில் போடும் வேலை அவளுக்கு. அவள் கணவன் ஜோயல் ஷேர் ஆட்டோ ஓட்டினான். அவளுடைய அப்பாவும் தாத்தாவும் செங்கல்பட்டுப் பக்கத்து வயல்களில் ஆயுள் முழுக்க வேலை செய்தவர்கள். நாற்று நடவும் களையெடுக்கவும் அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் தனக்கென்று ஒரு கத்தரிச்செடி வைக்க யாருக்கும் இடம் இருந்ததில்லை. பிள்ளைகள் தட்டில் வைத்த காய் எல்லாவற்றையும் ஓரமாக ஒதுக்கத் தொடங்கியபோது, தாங்களே வளர்த்தால் தின்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. வாடகை வீட்டின் பின்பக்கம் இருந்தது வெறும் கடல் மணல். ஜோயல் திருக்கழுக்குன்றத்துப் பக்கமிருந்து சிமெண்டுச் சாக்குகளில் செம்மண் கொண்டுவந்து கொட்டினான். அன்பரசி நாலைந்து வகை விதை வாங்கி, முதலில் ஒரு பாக்கெட் வெண்டை விதை முழுவதையும் ஒரே குழியில் போட்டாள். அது தவறு என்று பக்கத்து வீட்டில் சொன்னதும் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துத் தனித்தனியாக ஊன்றினாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள், விதையை எடுத்துப் பார்ப்பதுதான் தோட்ட வேலை என்று புரிந்துகொண்டார்கள்.

அன்று முதல் ஆறு வயது கவியாவும் அவள் தம்பியும் பள்ளி விட்டு வந்ததும் ஸ்பூனால் தோண்டி, முளை வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப மூடினார்கள். அன்பரசி அடித்தும் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். ஸ்பூன் பட்டுக் காயப்படுவதை விடத் தாமே வந்துவிடுவது மேல் என்று விதைகள் முடிவு செய்திருக்க வேண்டும். வேறு காரணம் இருந்தால் அது யாருக்கும் தெரியவில்லை. செடியாகி அவை முதல் நாள் வெளியே வந்து நின்றதைப் பார்த்தபோது, சரியான ஆழத்தில் ஊன்றவில்லை என்றுதான் அன்பரசிக்குத் தோன்றியது. செடிகளைச் சுற்றிச் செங்கல் அடுக்கினாள். மறுநாள் அவை செங்கல்லைத் தள்ளிக்கொண்டு மூச்சுவாங்க வந்து நின்றதைப் பார்த்துச் சங்கடப்பட்டுச் செங்கல்லை எடுத்துவிட்டாள். பிறகு தரையில் ஈரச் சாக்கு விரித்து வைத்தாள், சூடு வேரில் படாமல் இருக்க. ஆடியில் ஊன்றியது ஐப்பசியில் காய்த்தது. பிள்ளைகள் வெண்டைக்காயைப் பச்சையாகவே கடித்துத் தின்றார்கள். அடுத்த தை வரும்போது, தெருவில் யாரும் அந்தத் தோட்டத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்கள். மணி தெரிந்துகொள்ள மட்டும் எட்டிப் பார்த்தார்கள்.

மாசியில் வீட்டுக்காரர் ஜானகிராமன் வந்தார். லாரி வைத்துப் பிழைத்து வீடு கட்டியவர், சொன்ன சொல் மாறாதவர் என்று பெயர். மகன் பார்த்திபன் குடும்பத்தோடு ஊர் திரும்புகிறான், மாதக் கடைசியில் வீடு வேண்டும் என்றார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிளம்பும்போது தோட்டத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஃபேன், லைட்டு எல்லாம் கழட்டிக்கினு போம்மா. மண்ணுல கீறத மட்டும் தொடாத. அது எடத்தோட சேந்தது."

ஜோயல் கொதித்தான். "செம்மண்ணு நான் கொண்டாந்தது. அவரு இன்னா பேசறாரு?" மண்ணில் இருப்பது மண்ணுக்குச் சொந்தக்காரருடையது என்பதுதான் அன்பரசி பிறந்த வீட்டில் எப்போதும் இருந்த நியாயம். அது சரியா தவறா என்று யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக அழவும் செய்தாள். செடி நம்மோடு வராது என்று பிள்ளைகளிடம் சொன்னபோது கிருபாகரன் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். கவியா மட்டும், "அதுங்களாண்ட சொல்லிட்டியாம்மா?" என்று கேட்டாள். செடிகளிடம் எப்படிச் சொல்வது என்று அன்பரசிக்குத் தெரியவில்லை.

சதுரங்கப்பட்டினத்தில், பழைய டச்சுக் கோட்டைக்குப் பின்னால் ஒரு வீடு கிடைத்தது. ஜோயலின் கூட்டாளி சின்னராசு, குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியைக் கொண்டுவந்தான். பீரோ ஏறியது, கட்டில் ஏறியது. ஜானகிராமன் சாவியை வாங்க வந்து ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டுப் பார்த்தார். "மச்சான், போலாமா? வெயில் ஏறிகினு போவுது" என்று சின்னராசு நீளமாக ஒரு ஹாரன் அடித்தான். காலை பத்து மணிதான். ஆனாலும் தோட்டம் முழுக்க வெளியே வந்து சிமெண்டுத் தரையில் நின்றது. பிள்ளைகள் வழக்கம்போலக் குனிந்து வேர்களைப் பார்த்தார்கள். கிருபாகரன் "நல்லா கீது" என்று மட்டும் சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்தான்.

அவன் வாயால் அந்த வார்த்தை வந்தால் செடிகள் உள்ளே போய்விடும். சொல்லுடா என்று அவனிடம் சொல்லத்தான் அன்பரசி வாயைத் திறந்தாள். ஆனால் அவள் பேசியது ஜானகிராமனிடம்.

"சார், மண்ணுல கீறதுதான உங்களுது?"

"ஆமா. அதான சொன்னேன்."

"அப்போ பாத்துக்கோங்க சார். மண்ணுல இன்னா கீதோ, அத்த நாங்க தொடல."

ஜானகிராமன் பாத்தியைச் சுற்றி வந்தார். குச்சியால் ஒவ்வொரு குழியையும் கிளறினார். இரண்டு மண்புழுக்கள் இருந்தன. சிமெண்டுத் தரையில் நின்ற செடிகளைப் பார்த்தார், மறுபடி குழிகளைப் பார்த்தார். வாய்விட்டுச் சொன்னதை மாற்றிப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. "செம்மண்ணு கீதுல்ல, அது போதும்" என்றார். பிறகு குரலைத் தணித்து, "சாம்பாருக்கு நாலு வெண்டக்கா பறிச்சிக் குடுத்துட்டுப் போம்மா" என்றார். அன்பரசி மடி நிறையப் பறித்துக் கொடுத்தாள். முற்றிய காய்கள் சிலவற்றையும் விதைக்காகச் சேர்த்தே கொடுத்தாள்.

குட்டியானை மெதுவாகப் போயிற்று. சின்னராசுவின் ஆயுளில் அவன் அவ்வளவு மெதுவாக ஓட்டியதில்லை. அவரை, பீரோவைக் கட்டியிருந்த கயிற்றைப் பற்றி ஏறிக்கொண்டது. மற்றவை சாலை ஓரமாகவே நடந்து வந்தன. தக்காளிக்கு மூச்சு இரைத்ததால் கவியா அதை மடியில் வைத்துக்கொண்டாள். எதிரே கூடையோடு வந்த மீன்காரம்மா, "கத்திரிக்கா கிலோ இன்னா வெல?" என்று கேட்டாள். "விக்கறதுக்கு இல்லக்கா, வூடு மாத்தறோம்" என்றான் ஜோயல். அவள் சரி என்று போய்விட்டாள்.

புது வீட்டுக்காரி ஜெசிந்தா வாசலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். பின்பக்கம் மறுபடியும் வெறும் மணல். "எத்தினி மாசம் இருப்பீங்க?" என்று கேட்டாள். "தெரியலக்கா" என்றாள் அன்பரசி. அவள் பேசி முடிப்பதற்குள் வெண்டை சுவரோரம் ஒரு இடத்தைப் பிடித்து நின்றுகொண்டு, பிள்ளைகள் குழி தோண்டுவதற்காகக் காத்திருந்தது. "கோழி கீது. வலை கட்டிக்கோ" என்றாள் ஜெசிந்தா.

மறுவாரம் முதல் பள்ளி வேன் அந்தத் தெருவுக்குள்ளும் வந்தது. நாலு மணி ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் ஜெசிந்தா எழுந்துபோய், கருவாட்டுப் பாயை ஒரு பக்கமாக இழுத்துப் போட்டு, செடிகள் வாசலுக்கு வந்து நிற்க இடம் விட்டாள்.