ஒன்பது பிரதிகள்

விடியும் முன்பே அவள் அச்சுத் தகடுகளை அரிக்கும் தொட்டியில் தண்ணீரை நிரப்பி, அதில் அமிலத்தைச் சிறுகச் சிறுக ஊற்றிக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகக் கலைத்துறையில் ஒப்பந்த ஆசிரியை என்றால் அச்சுக்கலைப் பாடமும் நடத்த வேண்டும், தொட்டியும் கலக்க வேண்டும், தரையும் துடைக்க வேண்டும். தொண்டை எரிந்தது. புகையை வெளியேற்றும் விசிறி மூன்று மாதமாக அசையவில்லை. இதே இடத்தில்தான் திங்கட்கிழமை, எல்லோரும் 'மை அண்ணன்' என்றழைக்கும் மூத்த ஒப்பந்த ஆசிரியர் மூச்சுத் திணறி விழுந்தார். இன்னும் மருத்துவமனையில் இருக்கிறார். விழுந்ததைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

ஒன்பது மணிக்குத் துறைத் தலைவர் அழைத்தார். மேசைமேல் இரண்டு தாள்கள். ஒன்று, அவளுடைய பணி நீட்டிப்பு. மற்றொன்று, மை அண்ணன் முகமூடி அணிய மறுத்தார் என்று அவள் பெயரில் எழுதப்பட்ட வாக்குமூலம்.

"முகமூடியே குடுக்கலையே சார்."

"அதை யாரும்மா கேட்டா? பன்னிரண்டு மணிக்குள்ள ரெண்டுலயும் கையெழுத்து வேணும். இது இல்லேன்னா அதுவும் இல்ல. உன் பிள்ளைய நினைச்சுப் பாரு."

வராந்தாவில் நின்று கணவனை அழைத்தாள். "போட்டுட்டு வந்துடும்மா," என்றான் அவன். "வீட்டுல ஒரு ஆளாவது வேலையில இருக்கணும்ல?"

அவள் ஓய்வறைக்குள் வந்து உட்கார்ந்தபோது மற்ற ஒப்பந்த ஆசிரியர்கள் எட்டுப் பேரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"உண்மைய எழுதிக் குடுக்கலாம்தான். யார் பேரு முதல்ல வரும்?" என்றார் புகைப்பட ஆசிரியர்.

"உங்க பேரைப் போடுங்க தம்பி. படத்துல நல்லா விழுற மூஞ்சி," என்றார் சிற்பம் கற்பிக்கும் களிமண் அக்கா.

தாகத்தோடு கரையில் தயங்கி நிற்கும் மான்கூட்டம் ஒன்று என் நினைவுக்கு வருகிறது. நீருக்குள் கிடக்கும் முதலைக்கு மொத்த மந்தையும் வேண்டியதில்லை. முதலில் கால் நனைக்கும் மான் எது என்று தெரிந்தால் போதும்.

அவள் சட்டென்று எழுந்தாள். "அக்கா, ஒரு தகடு எடுங்க. அமிலம் வேண்டாம், ஊசியாலயே கீறிடலாம்."

அவசரத்தில் முதல் வரியைத் தாளில் எழுதுவதுபோல நேராகவே கீறிவிட்டாள். அச்சில் அது இடவலமாக மாறி விழும்.

"அடியே, பாடம் நடத்துறவளே இப்படிப் பண்ணினா?" என்று அக்கா தகட்டைத் திருப்பிப் போட்டார். இம்முறை எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இறங்கின: விசிறி ஓடவில்லை. முகமூடி தரப்படவில்லை. நாங்களும் அதே புகையைத்தான் சுவாசிக்கிறோம்.

மை பூசினார்கள், துடைத்தார்கள். அச்சு எந்திரத்தின் அழுத்துச் சக்கரத்தை ஆளுக்கொரு முறை சுற்றினார்கள். ஈரத் தாள்களைக் கலைத்துப் போட்டு, கைக்கு வந்ததை எடுத்து, ஒன்பதில் இத்தனையாவது என்று பென்சிலால் எண்ணிட்டு ஒப்பமிட்டார்கள். புகைப்பட ஆசிரியரின் பென்சில் இருமுறை முறிந்தது.

பன்னிரண்டு மணிக்கு ஒன்பது பேரும் உள்ளே நுழைந்தார்கள். தலைவர் தாள்களைப் புரட்டினார்.

"இதுல மூலம் எது? யார் ஆரம்பிச்சது?"

அவள் தாள்களின் எண்களைச் சுட்டினாள். "அச்சுல அப்படி ஒண்ணு தனியா கிடையாது சார். ஒன்பதும் மூலந்தான். நாங்க இங்க படிச்சப்ப முதல் வருஷம் எங்களுக்கு நீங்க நடத்தின பாடம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவளுடைய பணி நீட்டிப்புத் தாளை எடுத்து இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

"எல்லாரும் வெளியில போங்க."

அக்காவின் கை தற்செயலாக அவள்மேல் உரசியது. மை படிந்த அந்த விரல்களை அவள் பற்றிக்கொண்டாள்.

"விசிறிக்கும் முகமூடிக்கும் பதில் சொல்லுங்க சார், போறோம்," என்றார் பின்னாலிருந்து புகைப்பட ஆசிரியர்.

ஒருவரும் நகரவில்லை.