பதினோரு நாள் குரல்

1

ஷட்டர் படபடவென்று அதிர்ந்தது. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குள் இருந்தவள் பதறிப்போய் கையிலிருந்த திருப்புளியைக் கீழே போட்டாள்.

இப்படித்தான் முதலில் தொடங்கினேன். வாரப் பத்திரிகைக்கு எழுதிப் பழகிய கை. முதல் வரியிலேயே யாராவது கதவை இடித்தால்தான் எனக்கு நிம்மதி. உண்மையில் அன்று யாரும் எதையும் இடிக்கவில்லை. இந்தக் கதை எனக்குக் கிடைத்ததே என் லேப்டாப்பில் ஒரு விசை கழன்று விழுந்ததால்தான். அதை மாட்டிக்கொண்டே, தலை நிமிராமல், கடைக்காரி சொன்ன விஷயம் இது. அவள் சொன்னபடி பார்த்தால், ஒரு பெரியவர் துணிப்பையோடு கடைக்கு வெளியே கால்மணி நேரம் சும்மா நின்றுகொண்டிருந்தார். அவளாகத்தான் கூப்பிட்டாள்.

"என்ன சார், வெளியவே நிக்கறீங்க?"

"உள்ள வந்தா நீ ஏதாவது சொல்லிடுவியோன்னு பயமா இருக்கும்மா."

"நான் என்ன டாக்டரா? உக்காருங்க."

2

பைக்குள் ஒரு துண்டு. துண்டுக்குள் எக்ஸ்டர்னல் டிரைவ். கூடவே மூன்று கேபிள்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் டேப் சுற்றியிருந்தது. பெரியவர் முப்பத்திரண்டு வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். சோதிக்காமல் எதையும் பழுது என்று சொல்ல மாட்டார்.

"கறுப்பு டேப், அதோட வந்தது. சிவப்பு, பக்கத்து வீட்ல வாங்கினது. பச்சை, புதுசு. மூணுலயும் ஒரே கதைதான். சொருகினா டொடங்னு சத்தம் வருது, லைட் எரியுது, ஆனா திரையில ஒண்ணும் வரலை. எல்லா ஓட்டையிலயும் சொருகிப் பாத்துட்டேன்."

"டக்கு டக்குனு தட்டற மாதிரி சத்தம் வருதா?"

"இல்லம்மா. காதை வெச்சுக் கேட்டேன். நல்லாத்தான் சுத்துது."

"'பார்மேட் பண்ணவா'ன்னு கேட்டுச்சா? நீங்க சரின்னு அமுக்கினீங்களா?"

"கேக்கவே இல்லை. கேட்டிருந்தாலும் நான் அமுக்கியிருக்க மாட்டேன்."

அவள் பாதி மூச்சை விட்டாள்.* கறுப்பு டேப் கேபிளைத் தன் மேஜைக் கம்ப்யூட்டரில் சொருகினாள். டொடங். அடுத்த நொடியே டிரைவ் திறந்துகொண்டது. உள்ளே பதினோரு போல்டர்கள். முதல் நாள், இரண்டாம் நாள் என்று வரிசையாகப் பெயர்.

பெரியவர் அவள் கையிலிருந்த மவுஸை வாங்கினார். கேட்காமலேயே வாங்கினார். எங்கே போக வேண்டும் என்று அவர் விரலுக்குத் தெரிந்திருந்தது. ஒரு பெண்ணின் குரல் கடையை நிறைத்தது. கணீரென்ற, கொஞ்சம் கேலி கலந்த குரல்:

"என்னங்க, டீ ஆறிடும். வாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

(* டிரைவ் தட்டுகிற சத்தம் போட்டால் உள்ளே ஊசி போய்விட்டது என்று அர்த்தமாம், அதற்கப்புறம் சொருகிச் சொருகிப் பார்ப்பது இருக்கிறதையும் கெடுக்கும். 'பார்மேட் பண்ணவா', அதாவது எல்லாவற்றையும் துடைத்துவிடவா, என்பதற்குப் பயந்துபோய்ச் சரி என்று அமுக்குகிறவர்களைப் பற்றி அவள் தனியாக ஒரு மணி நேரம் பேசுவாள். இந்தக் கதைக்கு அது வேண்டாம்.)

3

இந்த இடத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். அதை மறைக்காமல் இங்கேயே வைக்கிறேன்:

அவருடைய மனைவி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்தக் குரல்தான் அவருக்கு மிஞ்சிய

அங்கேயே நிறுத்திவிட்டேன். நிறுத்த வைத்தது கடைக்காரி. மறுபடி கடைக்குப் போனபோது எழுதியதைப் படித்துக் காட்டினேன். அவள் முகம் சுருங்கியது.

"உயிரோட இருக்கிற மனுஷியை ஏன் சார் கொன்னீங்க?"

"கதைக்கு அதுதானே..."

"அவரும் அதைத்தான் செஞ்சுக்கிட்டிருந்தாரு. நீங்களுமா?"

இறந்துபோனவள் என்று எழுதினால் வேலை சுலபம்; வாசகர் கண் தானாகக் கலங்கும், அவளும் எதிர்த்துப் பேச மாட்டாள். முப்பது தொடர்கதைகளில் நான் எத்தனை பெண்களை இப்படி வசதியாகப் போட்டோவில் மாட்டியிருக்கிறேன் என்று எண்ணப் பார்த்தேன். பாதியில் விட்டுவிட்டேன்.

நடந்தது இது. பெரியவரின் மனைவிக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்பெட்டியை எடுத்தாக வேண்டும். அதற்கு முன்னால் பேச வேண்டியதை எல்லாம் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். பதினோரு நாள் இருந்தது. அவள் பேசினாள், அவர் பதிவு செய்தார். பால் பொங்குது பாருங்க. குடை எடுத்துக்கிட்டீங்களா. இந்தச் சட்டை வேண்டாம், லிப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டவர் மாதிரி இருக்கீங்க. நடுவே சிரிப்பு.

அறுவை சிகிச்சை முடிந்தது. அவள் பிழைத்தாள். அதன்பிறகு மூன்று மாதமாக அவர் தினமும் சாயங்காலம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

4

"இங்க வருது, உங்க வீட்ல வரலை. அப்போ டிரைவ்ல கோளாறு இல்ல சார். கோளாறு வீட்லதான்" என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரு காப்பியும் எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை கடைக்காரி அவர் வீட்டுக்குப் போனாள்.

இரண்டாவது மாடி. கதவைத் திறந்தவள் கழுத்தில் மெல்லிய துணி கட்டியிருந்தாள். கையில் ஒரு வெள்ளைப் பலகை. 'செருப்போடவே வா, தரை ஈரம்' என்று எழுதிக் காட்டினாள். குண்டு குண்டான, அலுவலகக் கையெழுத்து.

"அவளால பேச முடியாதும்மா" என்றார் பெரியவர், அவளுக்கும் சேர்த்து.

கடைக்காரியின் கண் பிரிட்ஜ் கதவில் நின்றது. பேச்சுப் பயிற்சி அட்டவணை. குரல்பெட்டி இல்லாமலே பேச, கழுத்திலிருக்கும் துளையில் விரலை எங்கே அழுத்த வேண்டும் என்று ஒரு படம். ஒவ்வொரு தேதிக்கும் ஒரு டிக். நேற்று வரைக்கும்.

"பேசப் பழகறாங்க போல?"

"அதெல்லாம் வேண்டாம்னுட்டேன். கரகரன்னு வரும். அவளுக்கும் கஷ்டம், கேக்கறவங்களுக்கும் கஷ்டம். பழசு இருக்கே, அது போதும்."

மனைவி பலகையைத் துடைத்தாள்.

டிரைவைச் சொருகியதும் டொடங். திரையில் ஒன்றும் இல்லை. கடைக்காரி டிஸ்க் பட்டியல் இருக்கும் பக்கத்தைத் திறந்தாள். அங்கே டிரைவ் முழு ஆரோக்கியமாக உட்கார்ந்திருந்தது. ஆனால் சி, டி, ஈ என்று ஒவ்வொரு டிஸ்க்குக்கும் கம்ப்யூட்டர் கொடுக்கும் எழுத்து மட்டும் அதற்கு இல்லை. அந்த எழுத்து இல்லாவிட்டால் டிஸ்க் உள்ளே இருந்தும் வெளியே தெரியாது. அதை யாராவது மெனக்கெட்டு எடுத்தால் இந்தக் கம்ப்யூட்டர் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அடுத்த முறையும் கொடுக்காது. வேறு கம்ப்யூட்டரில் தாராளமாகத் திறக்கும்.

கோபத்தில் செய்கிறவர்கள் அழிப்பார்கள். இங்கே எதுவும் அழியவில்லை.

"சார், இந்த வீட்ல கம்ப்யூட்டர் யாருக்கு நல்லா தெரியும்?"

"எனக்கு மவுஸ் பிடிக்கத்தான் தெரியும். இவதான் ஆபீஸ்ல இருபது வருஷம் கம்ப்யூட்டர் பிரிவுல..."

சொல்லிக்கொண்டே போனவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. வாசல்பக்கம் நின்றிருந்தவள் கடைக்காரியை நேராகப் பார்த்தாள். கெஞ்சல் இல்லை. நீ என்ன சொல்லப் போகிறாய் என்கிற பார்வை.

5

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: கடைக்காரி "அப்டேட் வந்ததுல போயிருக்கும் சார்" என்று பொய் சொல்கிறாள். எழுத்தைத் திரும்பக் கொடுக்கிறாள். சாயங்காலம் அந்த அறையில் பழைய குரல் டீக்குக் கூப்பிடுகிறது. டீயோடு வந்த மனைவி பின்னால் நிற்கிறாள். [எழுதும்போதே கை கூசியது.]

இரண்டாவது: கடைக்காரி உண்மையைச் சொல்கிறாள். பெரியவர் திருந்துகிறார், கண்ணீர் விடுகிறார். [மூன்று மாதப் பழக்கத்தை மூன்று வரியில் விடச் சொல்வது அவருக்கு நான் செய்யும் அநியாயம். அவரும் பயந்துபோன மனிதர்தான். பதினோரு நாளும் மைக்கைப் பிடித்த கை நடுங்காமல் பார்த்துக்கொண்டவர்.]

மூன்றாவதில் கடைக்காரி ஒன்றும் சொல்லாமல் கேபிளைச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு

இல்லை. எழுத்தை எடுத்தவளுக்குத்தான் அதைச் சொல்லும் உரிமை. எனக்கில்லை, கடைக்காரிக்கும் இல்லை.

அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன். பெரியவர் "என்னம்மா, சரி பண்ணிடலாமா?" என்று கேட்டார். கடைக்காரி மவுஸிலிருந்து கையை எடுத்தாள். அவர் மனைவி பலகையை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். கழுத்துத் துணியை விலக்கி விரலை அழுத்தினாள். ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. வந்த குரல் சரளைக்கல்லை இழுப்பதுபோல இருந்தது என்கிறாள் கடைக்காரி. ஆனால் ஒரு வார்த்தைகூடப் புரியாமல் இல்லையாம்.

அதற்குப் பெரியவர் என்ன சொன்னார் என்று கேட்காமலேயே கடைக்காரி படியிறங்கிவிட்டாள். எனக்கும் தெரியாது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும். நீங்கள் எழுதுவதற்கு முன்னால் அவர் மனைவி சொன்னதைக் கேட்டுவிடுங்கள்.

"நான்தான் மறைச்சேன். அவளையே கேட்டுட்டிருந்தா, என்னை எப்பங்க கேப்பீங்க?"