பி.பி. முகவரி

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத் தெருவில் பரிபூரணத்துக்குத் தெரியாமல் ஒரு சங்கதி நடந்தால், அது நடக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். எண்பத்தாறில் அந்தத் தெருவுக்கு வந்த முதல் டெலிபோன் அவள் வீட்டுக்குத்தான் வந்தது. புருஷன் சுயம்புலிங்கம் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எலெக்ட்ரீசியன். அகாலத்தில் மெஷின் நின்றால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட நேரமாகிறது என்று மில்லே வாங்கிக் கொடுத்த போன் அது. அவர் அதில் பேசியதைவிடத் தெரு பேசியதுதான் அதிகம். கல்யாணப் பத்திரிகையிலும் கடைப் பலகையிலும் அவள் வீட்டு நம்பர் இருக்கும், பக்கத்தில் பி.பி. என்று போட்டிருக்கும். இது எங்கள் போன் இல்லை, அக்கம்பக்கத்து போன், கூப்பிட்டால் ஆளை வரவழைத்துத் தருவார்கள் என்று அதற்கு அர்த்தம்.

"ஊருக்கெல்லாம் நாந்தான் போன் எடுக்கணும்னு எந்தலையில எழுதியிருக்கு. ஒரு வாய் சோறு நிம்மதியாத் திங்க முடியல" என்று அவள் அலுத்துக்கொள்ளாத நாள் கிடையாது. போன் அடிக்காத நாட்களில் ரிசீவரை எடுத்து, உயிர் இருக்கிறதா என்று காதில் வைத்துப் பார்த்துக்கொள்வாள்.

பிறகு வீட்டுக்கு வீடு போன் வந்துவிட்டது. பரிபூரணத்தின் வாசல் கொஞ்ச காலம் வெறிச்சோடிக் கிடந்தது. அவள் இளைத்துப்போனாள் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். அவளை மீட்டது மகள் சண்முகவடிவுதான். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் வடிவுக்குக் கம்ப்யூட்டர் வேலை. தொண்ணூற்றெட்டில் கம்பெனி கழித்துக்கட்டிய ஒரு பழைய கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து, போன் வயரை அதில் செருகி, இலவசமாகத் தரும் ஓர் இடத்தில் அம்மாவுக்கு ஈமெயில் முகவரி ஒன்று திறந்துகொடுத்தாள். வேறெந்தப் பரிபூரணமும் அதுவரை அந்தப் பக்கம் வந்திருக்கவில்லை போலும், முழுப்பெயரும் அப்படியே கிடைத்தது. பரிபூரணத்துக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவளுக்குக் கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைக்கும்?

குவைத்திலும் சிங்கப்பூரிலும் இருந்த தெருப் பிள்ளைகளுக்கு ஒரே மாதத்தில் அந்த முகவரி போய்ச் சேர்ந்துவிட்டது. பி.பி. என்று போட அதில் இடமில்லை. ஆகையால் மேலே விஷயம் எழுதும் கட்டத்தில் 'இசக்கியம்மாளுக்கு' என்றோ 'மளிகைக்கடை மாமாவுக்கு' என்றோ போட்டு, கீழே தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்பினார்கள். பரிபூரணம் ஆளைக் கூப்பிட்டுவிட்டு, எதிரே உட்கார வைத்து, சத்தமாக வாசித்துக் காட்டுவாள். வாசிப்பதோடு விட்டால் அவள் பரிபூரணம் இல்லை. நடுநடுவே தன் அபிப்பிராயத்தையும் சேர்ப்பாள். பதிலையும் அவளே இரண்டு விரலால் தட்டுவாள். சொன்னதைச் சொன்னபடி தட்டுவதற்கு ஒரு ஆள் எதற்கு என்பது அவள் கட்சி. அவர்களுக்குச் சொல்லத் தெரியாததை இவள் சேர்த்தாள், சொல்லக்கூடாது என்று பட்டதை விட்டாள். தெருவின் நன்மைக்காகத்தான் எல்லாம்.

அந்த முகவரி வழியாகவே வடிவுக்கும் ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பொன்னுராஜ், சிங்கப்பூரில் இன்ஜினீயர், தாயார் ராஜபாளையத்தில் இருந்தாள். போட்டோ போயிற்று, ஜாதகம் பொருந்திற்று. பெண்ணுக்கு வெளிநாடு வரச் சம்மதமா என்று பையன் எழுதிக் கேட்டதற்கு, 'வடிவுக்குச் சின்ன வயதிலிருந்தே சிங்கப்பூர் என்றால் உயிர்' என்று பரிபூரணம் பதில் போட்டாள். வடிவு சிங்கப்பூரைப் பற்றி வாயைத் திறந்ததே கிடையாது. பதில் போகும்போது அவள் ராஜபாளையம் பஸ்ஸில் நின்றுகொண்டு போய்க்கொண்டிருந்தாள். ஆடி கழியட்டும், ஆவணி பிறந்ததும் முடிவாக எழுதுகிறேன் என்று பொன்னுராஜ் சொல்லியிருந்தான். இப்படி ஒரு இடம் தன் வம்சத்துக்கே வாய்த்ததில்லை என்று பரிபூரணம் பூரித்துப்போயிருந்தாள்.

ஆடியில்தான் சண்டை வந்தது. எதிர்வீட்டு இசக்கியம்மாளின் மகன் கருத்தப்பாண்டி குவைத்தில் இருந்தான். ஆடிப்பூரத் தேருக்கு வருகிறேன் என்று எழுதியிருந்ததைப் பரிபூரணம் தாய்க்கு வாசித்தும் காட்டினாள். பரிபூரணம் யோசித்தாள். புதுக் கம்பெனியில் சேர்ந்து சில மாதம்தான் ஆகிறது, இப்போது லீவு போட்டால் வேலைக்கே உலை. 'இப்போது வர வேண்டாம் என்று அம்மா சொல்கிறாள், பொங்கலுக்கு வா' என்று பதில் தட்டினாள். அம்மாவிடம் 'பதில் போட்டாச்சு மதினி' என்று மட்டும் சொன்னாள். இசக்கியம்மாள் வீட்டுக்கு வெள்ளையடித்தாள். தேரன்று காலையிலிருந்து வாசலிலேயே நின்றாள். தேர் நிலைக்கு வந்து சேர்ந்தது, மகன் வந்து சேரவில்லை. பயந்துபோய்க் குவைத்துக்குப் போன் போட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"எம் மவன் வாரேங்கான். வராதன்னு சொல்ல நீ யாரு?" என்று பரிபூரணத்தின் வாசலில் வந்து நின்று கேட்டாள் இசக்கியம்மாள். சத்தம்கூடப் போடவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் நிற்காமல் வந்தது. "நாலு வருசமாச்சு அவன் மொகத்தப் பாத்து."

"அவன் நல்லதுக்குத்தான் மதினி சொன்னேன்."

"அவன் நல்லது எனக்குத் தெரியாதோ? நான் வாசிக்கத் தெரியாதவதான். புத்தி கெட்டவ இல்ல."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவர்கூடப் பரிபூரணத்துக்குப் பரிந்து பேசவில்லை. மளிகைக்கடைக்காரர், அவள் வீட்டு போனில் தன் பெண்ணுக்கு மாப்பிள்ளையே பேசி முடித்தவர், மெதுவாகத் தலையைத் திருப்பிக்கொண்டார். அதுதான் பரிபூரணத்துக்குத் தாங்கவில்லை. உள்ளே போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். முகவரியை மூடிவிடட்டுமா என்று அது கேட்டது. மூடு என்று அமுக்கினாள். நிச்சயமாகவா, உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்றது. இதற்கும் என் புத்தியில் சந்தேகமா என்று எரிச்சல் பொங்க, இன்னொரு முறை ஓங்கி அமுக்கினாள்.

அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. தெரு இரண்டு நாள் தவிக்கும். மூன்றாம் நாள் யாராவது வந்து நிற்பார்கள், இசக்கியம்மாளையும் கூட்டிக்கொண்டு. அப்போது பெரிய மனது பண்ணித் திறந்துகொள்ளலாம். ஒப்படைத்த டெலிபோன் நம்பரை இலாகா வருஷக்கணக்கில் சும்மா போட்டு வைத்திருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். இதுவோ நம்பர்கூட இல்லை, அவள் பெற்றோர் வைத்த பெயர். அதை எவர் எடுத்து என்ன செய்யப்போகிறார்கள்?

யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் போய், ஒரு வாரமும் போயிற்று. தெரு தவிப்பதாகவும் தெரியவில்லை. ஒருநாள் மளிகைக்கடையில் பருப்பு வாங்கப் போனபோது, கடைக்காரர் ஒரு தாளைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். தாளின் ஓரத்தில் ஸ்டேப்ளர் பின் அடித்துப் பிரித்த தடம் இருந்தது. பரிபூரணத்துக்கு மனசு சரியில்லை. பருப்பை வாங்காமலே திரும்பினாள்.

ஆவணி பிறந்த அன்றுதான் அவளுக்குச் சுரீரென்றது. பொன்னுராஜ் எழுதுவான். எங்கே எழுதுவான்? கோபத்தில் மாப்பிள்ளையை அவள் அடியோடு மறந்திருந்தாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அதே பெயரில் புதிதாக முகவரி கேட்டாள். அந்தப் பெயர் ஏற்கெனவே ஒருவரிடம் இருக்கிறது, வேறு பெயர் சொல்லுங்கள் என்றது கம்ப்யூட்டர். வேண்டுமானால் பெயருக்குப் பின்னால் ஏதாவது எண் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் யோசனை சொன்னது. ஐம்பது வருஷம் பரிபூரணமாக வாழ்ந்தவள் இனி நம்பர் போட்ட பரிபூரணமாக ஆவதா? அதைவிட, அவள் பெயரில் உட்கார்ந்துகொண்டு அவள் மகளின் வாழ்க்கையை இப்போது எவரோ வாசித்துக்கொண்டிருக்கிறார்களே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

ராஜபாளையத்துக்குப் போன் போட்டு மாப்பிள்ளையின் தாயாரிடம் சொல்லிவிடலாம்தான். முகவரியை ஏன் மூடினீர்கள் என்று அந்த அம்மாள் கேட்பாள். தெருச் சண்டை என்று சொன்னால் சம்பந்தம் என்னாகும்? பரிபூரணம் ரிசீவரை எடுத்துவிட்டு வைத்தாள், மறுபடி எடுத்தாள், மறுபடி வைத்தாள். கடைசியில் வேறு வழியில்லாமல் தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போனாள். இசக்கியம்மாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மடித்துப் பின் அடித்த ஒரு தாள் இருந்தது.

"மதினி, கருத்தப்பாண்டிட்ட இருந்து தகவல் உண்டா?"

"உண்டு. பொங்கலுக்கு வாரானாம்." இசக்கியம்மாள் முறத்தை நிறுத்தவில்லை.

"எந்த அட்ரஸுக்கு எழுதுதான்?"

"ஒன் அட்ரஸுக்குத்தான். அது ஒண்ணுதான அவிய எல்லாருக்கும் தெரியும்."

"எடுத்துத் தாரது யாரு?"

இசக்கியம்மாள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "ஒனக்குத் தெரியாதா பூரணம்? ஒம் மவ வடிவுதான். ஆபீஸ்ல எடுத்து, மடிச்சுப் பின் அடிச்சு, பேர் எழுதி, வீட்டுக்கு வீடு குடுத்துட்டுப் போறா. ஒரு எழுத்து வாசிக்க மாட்டா. நான் டீச்சரம்மாட்ட கொண்டு போயி வாசிச்சிக்கிடுதேன். நீயும் சேந்துதான் செய்யுதியன்னு நெனச்சோம். நல்லாருக்குன்னு தெருவுல எல்லாரும் ஒன்னத்தான் சொல்லுதாவ."

பரிபூரணம் தெருவைக் கடந்து வீட்டுக்கு வந்தாள். எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. சாயந்தரம் வடிவு பஸ் இறங்கி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பரிபூரணம் கேட்டாள்.

"ஏட்டி, எம் பேர எடுத்தது நீதானா?"

"ஆமா. நீ மூடுன மறுநாளே எடுத்துட்டேன். எவனாவது எடுத்துட்டா தெருப் பிள்ளைக எழுதுததெல்லாம் அவன் கைக்கில்ல போகும்."

"எங்கிட்ட சொன்னா என்ன?"

"நீ மூடும்போது யார்ட்ட சொன்ன?"

பரிபூரணம் அதை விட்டுவிட்டாள். கேட்க வேண்டியது வேறு இருந்தது. "பொன்னுராஜ் எழுதினானா?"

"எழுதுனாரு. ஆவணி பொறக்குததுக்கு முன்னாலயே, போன வெள்ளிக்கிழம."

"குடு."

வடிவு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். அதற்கும் பின் அடித்திருந்தது. மேலே அழகான கையெழுத்தில் 'அம்மாவுக்கு' என்று எழுதியிருந்தது. பரிபூரணம் பிரித்து வாசித்தாள். எனக்கும் வீட்டுக்கும் முழுச் சம்மதம், ஆனால் ஒன்று மட்டும் மனதை உறுத்துகிறது, இதுவரை எல்லாம் நீங்களே சொன்னீர்கள், வடிவு ஒரு வார்த்தையும் சொன்னதாகத் தெரியவில்லை, தயவுசெய்து அவளிடம் ஒருமுறை நேராகக் கேட்டு, அவள் சொல்வதை அப்படியே எழுதுங்கள், எதுவானாலும் வருத்தப்பட மாட்டேன் என்று எழுதியிருந்தான். கீழே பதில் இருந்தது. 'அன்புள்ள தம்பிக்கு. பெண்ணிடம் கேட்டேன். ஊரைவிட்டு வர அவளுக்கு விருப்பமில்லை, வேலையை விடவும் மனமில்லை என்கிறாள். இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். மன்னிக்கவும். பரிபூரணம்.'

"நான் எங்கட்டி கேட்டேன்?" என்றாள் பரிபூரணம்.

"பரிபூரணம் கேக்கணும்னு எழுதியிருந்தாரு. அந்த அட்ரஸ்ல இப்ப நாந்தான இருக்கேன். எங்கிட்ட நானே கேட்டேன், சொன்னேன், எழுதிட்டேன். வேற யாரு கேக்கப் போறா?"

வடிவு கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பரிபூரணத்துக்கு அடிபட்டதைவிட வலித்தது. அவ்வளவு பெரிய இடம் கைவிட்டுப் போனதே என்று அழ வந்தவளுக்கு, அந்த இடம் நினைவிலேயே நிற்கவில்லை. பதிலைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். தான் எழுதியிருந்தாலும் இவ்வளவு மரியாதையாக வந்திருக்காது என்று பட்டது.

போன் அடித்தது. ராஜபாளையத்திலிருந்து பொன்னுராஜின் தாயார்.

"மெயில் பாத்தேன்னு பொன்னுராஜ் சொன்னான். வருத்தம்தான், பெறகு என்ன செய்ய. ஆனா ஒண்ணு சொல்லுதேன் பூரணம். இந்தக் காலத்துல பொண்ணு மனசக் கேட்டு நடக்குத தாய் ஒங்கள மாதிரி யாரு இருக்கா? எங்க சொந்தத்துல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். மக மேல எம்புட்டுப் பிரியம்னு."

நான் கேட்கவில்லை என்று சொல்லலாம். சொன்னால் மகள் பொய் எழுதினாள் என்றாகும். பரிபூரணம் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள். "ஆமா மதினி. பிள்ளைக மனசுதான முக்கியம்" என்றாள். அந்த அம்மாள் இன்னும் கொஞ்ச நேரம் புகழ்ந்தாள். ஒவ்வொரு வார்த்தையும் கன்னத்தில் அறைகிற மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

ரிசீவரை வைத்துவிட்டு அடுக்களைக்கு வந்தாள். வடிவு தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். பரிபூரணம் எதிரே கீழே உட்கார்ந்தாள்.

"வடிவு, ஒனக்கு என்னதான் வேணும்?"

வடிவு குழம்பை ஊற்றிப் பிசைந்தபடி யோசித்தாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று பரிபூரணத்துக்கு அதற்குள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உள்ளூர் மாப்பிள்ளை, இரண்டு தெருவுக்குள், ஆளும் மனதில் தயாராக இருந்தான். அவள் உதட்டை இறுகக் கடித்துக்கொண்டு, மகள் வாயைத் திறக்கும் வரை பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.