தலைவர் படம் போட்ட கும்பம்

சமாஜத் தலைவர் பிச்சுமணியின் அறுபதாம் கல்யாணத்துக்குப் போய்வந்த வீடுகளைக் கொச்சி மட்டாஞ்சேரியில் சுலபமாக அடையாளம் கண்டுகொள்ளலாம். முன்னறையில், டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு பீங்கான் கும்பம் இருக்கும். கும்பத்தின் வயிற்றில் பிச்சுமணி மாலையும் கழுத்துமாகச் சிரிப்பார். பக்கத்தில் அவர் மனைவி, பாதி முகம் மட்டும். மீதி முகம் வளைவுக்கு அந்தப் புறம் போய்விட்டது. கும்பத்தின் வாயில் தேங்காய்க்குப் பதில் ஒரு ஜேட் செடி.

தாம்பூலப் பையில் எவர்சில்வர் கிண்ணி கொடுப்பது ஊர் வழக்கம். சமாஜத் தலைவர் ஊர் வழக்கப்படி நடந்தால் அப்புறம் தலைவர் எதற்கு? செடியைக் கொடுத்ததோடு நிற்காமல் மைக்கையும் பிடித்தார். "இது சக்குலண்ட் ஜாதி. இலையிலேயே ஜலத்தைச் சேர்த்து வச்சுக்கும். யார் கையையும் எதிர்பார்க்காது. நம்ம சமூகம் மாதிரி." இலை போடக் காத்திருந்த சமூகம் பலமாகக் கைதட்டியது.

கும்பத்தின் அடியில் ஓட்டை கிடையாது. ஓட்டை போட்ட குடம் எந்தக் காரியத்துக்கு ஆகும் என்பது தெரிந்த ஜனங்கள். மங்களமாகக் கொடுத்த கும்பத்தில் ஏன் ஓட்டை இல்லை என்று யார் கேட்பார்கள்? வைகாசி நடுவில் இடவப்பாதி மழை வந்ததும் செடிகள் கேட்டன. சுவரே வியர்க்கும் அந்த மாதங்களிலும் தலைவர் மேலிருந்த மரியாதையால் வீட்டுக்கு வீடு தினம் ஒரு டம்ளர் ஊற்றினார்கள். செடிகள் அடியில் கறுத்து, இலை உதிர்ந்து, ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. பக்கத்துத் தோப்பும்படியில் நர்சரி வைத்திருந்த சேட்டனுக்கு ஜேட் செடிக்குத் திடீரென்று இத்தனை கிராக்கி ஏன் என்று கடைசிவரை புரியவில்லை.

கமலாக்ஷி வீட்டுச் செடி மட்டும் பிழைத்தது. காரணம் பெரிய சாஸ்திரம் ஒன்றும் இல்லை. மழைக்காலம் முழுக்க ஜன்னலோரம் வைத்து, ஒரு சொட்டுகூட ஊற்றாமல் அதன் போக்கில் விட்டுவிட்டாள்.

மகர மாதம், அதாவது தை, பிறந்தபோது செடிக்கு இடம் போதவில்லை. தலை கனத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கும்பத்தின் கழுத்தில் வேர் எட்டிப் பார்த்தது. ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நின்றது. வெயில் இருந்தும் புது இலை வரவில்லை. கமலாக்ஷி சுத்தியலை எடுத்தாள்.

"ஒரு மாசம் பொறு," என்றான் அவள் கணவன் ஷங்கர். "கும்ப மாசம் பொறந்ததும் அவர் ஒவ்வொரு ஆத்துக்கும் வரப்போறார், கல்யாணத்தோட ஆண்டு நிறைவுக்கு. வந்து பாத்துட்டுப் போகட்டும். ஹால் கிடைக்கட்டும். அப்புறம் நீ செடியை மாத்து, வீட்டையே மாத்து."

ஹால் என்றால் சமாஜத்து ஹால். மகள் ஸுப்ரியாவின் நிச்சயதார்த்தத்துக்கு மேட மாதத்தில், சித்திரையில், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தோதாக வந்தது. அதே நாளை இன்னும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பிச்சுமணி மூன்று பேரிடமும் "பாக்கலாம்" என்று ஒரே மாதிரி சொல்லியிருந்தார்.

"மாத்தறதுக்கு இதுதான் சமயம்," என்றாள் கமலாக்ஷி. "மழை விட்டாச்சு, பெரிய உஷ்ணம் வரலை. மீன மாசத்து வெயில்லே வேரைத் தொட்டாத் தாங்காது. அதுக்கப்புறம் மறுபடியும் மழை."

"அப்போ மெதுவா இழுத்து எடேன்."

"எப்படி வரும்? வாய் இத்தனூண்டு, வயிறு இத்தனை. உடைச்சாத்தான் உண்டு."

ஷங்கர் கும்பத்தில் சிரித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தான். "உயிரோட இருக்கறவர் படம் போட்ட குடம் இது. குடத்தை எப்போ உடைப்பான்னு தெரியுமோ நோக்கு?"

"தெரியும். அதைத் தோள்லே வச்சிண்டு உடைப்பா. நான் மடியிலே வச்சிண்டு உடைக்கறேன்."

"உடைச்சவா திரும்பிப் பாக்கப்படாது. அதுவும் தெரியுமோ?"

"பாக்காம எப்படி வேரை எடுக்கறது? நீங்க வேணா அந்தப் பக்கம் போங்கோ."

போய்விட்டான். மண் நன்றாகக் காய்ந்திருந்தது. அதற்காகவே சில நாட்களாகத் தண்ணீர் காட்டவில்லை. கும்பத்தைப் பழைய துண்டில் சுற்றிச் சுத்தியலால் ஒரு தட்டு. கும்பம் போன பிறகும் வேர் கும்பமாகவே நின்றது. ஈர்க்குச்சியால் சிக்கெடுத்து, பழைய மண்ணை உதிர்த்து, கறுத்த நுனிகளை நறுக்கினாள். வெட்டுக்காயம் ஆறட்டும் என்று செடியை நிழலில் செய்தித்தாள்மேல் கிடத்தினாள். அது அப்படிக் கிடந்த நாலைந்து நாளும் ஷங்கர் அந்த அறைக்குள் போகவில்லை.

புதுத் தொட்டி மண் தொட்டி, முந்தையதைவிட ஒரு சுற்றுதான் பெரிசு. "தாராளமா இடம் குடுத்தா இன்னும் வளருமே?" என்று வாசலிலிருந்தே கேட்டான். "வளராது. வேர் எட்டாத மண்ணெல்லாம் ஈரத்தைப் பிடிச்சிண்டு அழுக வச்சுடும்." பெருமணல், செங்கல் பொடிசல், கரித்துண்டு, கொஞ்சம் காய்ந்த சாணி. அடியிலிருந்த ஓட்டைமேல் மண் ஒழுகாமலிருக்க ஒரு ஓடு வேண்டும். உடைந்த கும்பத்தில் நல்ல வளைவோடு முழுசாக வந்திருந்த துண்டு ஒன்றுதான். பிச்சுமணி அண்ணாந்து பார்த்தபடி அடியில் போய் உட்கார்ந்தார். ஒரு வாரம் கழித்துத்தான் முதல் தண்ணீர்.

கும்ப மாதத்தில் தலைவர் வந்தார். கையில் கனமான துணிப்பை. காப்பியை வாங்கிக்கொண்டு டி.வி.யின் பக்கம் பார்த்தார். அங்கே ரிமோட் மட்டும் இருந்தது. ஜன்னலில், மண் தொட்டியில், ஓரம் சிவந்த தடித்த இலைகளோடு ஜேட் செடி புதுத் துளிர் விட்டிருந்தது.

"கும்பம் எங்கே?"

ஷங்கர் ஒரு வாரமாக ஒத்திகை பார்த்த பொய்க்கு வாயைத் திறந்தான். "அது வந்து, பூஜை ரூம்லே..."

"உடைச்சுட்டேன்," என்றாள் கமலாக்ஷி.

"அப்போ நான்?" என்றார் பிச்சுமணி.

"நீங்க தொட்டிக்கு அடியிலே இருக்கேள். உங்க மேலேதான் அத்தனை மண்ணும் நிக்கறது. ஜலம் மட்டும் உங்களைச் சுத்திண்டு வெளியே போறது."

அத்தனையும் உண்மை. பிச்சுமணி அதை இரண்டு மடக்குக் காப்பியோடு விழுங்கிப் பார்த்தார். மேடையில் அவரை எத்தனையோ பேர் சூரியன் என்றும் ஆலமரம் என்றும் சொன்னதுண்டு. இப்படிச் சாட்சியோடு யாரும் சொன்னதில்லை.

"அஸ்திவாரம்," என்றார் மெதுவாக.

"அதேதான்."

டம்ளரை வைத்துவிட்டுத் துணிப்பையைத் திறந்தார். இன்னொரு கும்பம். சிரித்த முகத்தின் மூக்குக்குக் குறுக்கே ஒரு விரிசல். செடியில் உச்சியில் மட்டும் கொஞ்சம் இலை.

"இது ஒரு சிநேகிதனோடது. வரக் கூச்சப்பட்டான்."

கும்பத்தின் வாயைச் சுற்றித் தங்கக் கோடு ஓடியது. சமாஜத்திலேயே தங்கக் கோடு போட்ட கும்பம் ஒன்றுதான் என்பதும், அது யார் வீட்டுக் கும்பம் என்பதும் கமலாக்ஷிக்குத் தெரியும். மண்ணை முகர்ந்து பார்த்தாள்.

"உங்க சிநேகிதர் தினம் ஜலம் விட்டிருக்கார்."

"ரெண்டு வேளை," என்றார் பிச்சுமணி. "பிழைக்குமோ?"

"அடி அழுகியாச்சு. உச்சி கெட்டியா இருக்கு. அழுகலை வெட்டி எறிஞ்சு, உச்சியைக் காயவச்சு நட்டா வேர் விடும். உங்க சிநேகிதர் ஆத்துலேயே உடைச்சிருக்கலாமே?"

"அவன் பொண்டாட்டி விடமாட்டா. அபசகுனம்கறா."

கமலாக்ஷி சுத்தியலை எடுத்து வந்தாள். துண்டை விரித்தாள். கும்பத்தை மடியில் வைத்தாள். பிறகு, அப்போதுதான் நினைவு வந்தவள் மாதிரி நிமிர்ந்தாள்.

"மேடத்துலே அந்த ஞாயிற்றுக்கிழமை..."

"ஹால் ஸுப்ரியாவுக்குத்தான். எப்பவோ தீர்மானிச்சாச்சு," என்றார் பிச்சுமணி. "தட்டறதை மட்டும் பின்பக்கமாத் தட்டு, கேட்டியா?"

எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். என்ன தோன்றியதோ, ஷங்கரும் எழுந்துபோய் அவர் பக்கத்தில் அதே மாதிரி நின்றான்.

ஒரு தட்டுச் சத்தம் கேட்டது.

"ஆச்சா?" என்று சுவரிடம் கேட்டார் தலைவர்.

"ஆச்சு," என்றாள் கமலாக்ஷி. "திரும்பிப் பாக்கலாம்."