குர்ட்டுக்கு ஒரு பின்வாசல்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு என் கிரைண்டரால் கிடைத்தது. கினிப்பன்றிகளைப் பற்றி எழுத வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அவற்றின் மேல் எனக்குப் பெரிய பிரியமும் கிடையாது. பெயரில் பன்றி, முகத்தில் எலி, பசி வந்தால் விசில். இதை வைத்துக்கொண்டு ஒரு எழுத்தாளர் என்ன செய்வது?

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"தூன் நகரத்து ஏரியின் மேல் பனிமூட்டம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்த ஒரு"

(நிறுத்திவிட்டேன். அன்றைக்குப் பனிமூட்டமே இல்லை. நல்ல வெயில். வெளிநாட்டுக் கதை என்றால் பனி இருக்க வேண்டும் என்று யாரோ என் கைக்குப் பழக்கிவிட்டார்கள்.)

இரண்டாவது:

"வெர்னர் மோசிமன் இறந்தபோது, அவர் கையால் செய்த மூன்று சிறிய மரவீடுகளும்"

(இதுவும் வேண்டாம். செத்த மனிதரில் தொடங்கினால் நீங்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு படிப்பீர்கள். இது அப்படிப்பட்ட கதை இல்லை.)

மூன்றாவது:

"எங்கள் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமை யாரும் சத்தம் போடக்கூடாது."

இது இருக்கட்டும்.

2

எங்கள் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமை யாரும் சத்தம் போடக்கூடாது. ஆணி அடிக்கக்கூடாது, துணி துவைக்கக்கூடாது, வெறும் போத்தல்களைக் கொண்டுபோய்க் கண்ணாடித் தொட்டியில் போடக்கூடாது. இது ஊர் முழுக்க உள்ள வழக்கம்தான். ஆனால் எங்கள் கட்டடத்தில் அதற்குக் காவல் இருந்தவர் கீழ்வீட்டு லிஸ்பெத் மோசிமன் அம்மா. நாங்கள் குடிவந்த புதிதில், ஒரு ஞாயிறு காலை நான் தோசைக்கு மா அரைத்தேன். ஐந்தாவது நிமிடம் மணி அடித்தது. வாசலில் அவர், தலை வாரி, சப்பாத்துப் போட்டு, தேவாலயத்துக்குப் போகிற கோலத்தில் நின்றார்.

"நல்ல காலை வணக்கம். உங்கட வீட்டில என்னவோ உடையுது."

"உடையேல்லை. உழுந்து அரைபடுது."

"சனிக்கிழமையும் அரைபடும்தானே," என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். அதுதான் கூடுதலாகச் சுட்டது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சனிக்கிழமைதான் உழுந்து அரைபடுகிறது.*

* ஒரு குறிப்பு. மோசிமன் அம்மா பேசியது சுவிஸ் நாட்டின் பேர்ன் பக்கத்து ஜெர்மன். நான் எழுதுவது யாழ்ப்பாணத் தமிழ். "அந்த மனுசி எங்கயப்பா உப்பிடிக் கதைச்சது?" என்று என் கணவர் குகநேசன் கேட்கிறார். என்னிடம் இருப்பது இந்த ஒரு தமிழ்தான், அதைத்தான் அவருக்கும் கொடுத்திருக்கிறேன். அவருக்கு நன்றாகவே பொருந்துகிறது.

3

இனி கினிப்பன்றிகள்.

அவை மோசிமன் அம்மாவின் கணவர் வெர்னருடையவை. ரயில்பெட்டிப் பட்டறையில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். பேச்சு குறைவு, கைவேலை சுத்தம். அறையின் ஒரு மூலையை அடைத்துப் பட்டி கட்டி, மூன்று கினிப்பன்றிகளுக்கும் மூன்று மரவீடு செய்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல், வாசலுக்கு மேலே ஒரு பித்தளைப் பெயர்ப்பலகை: லோட்டி, ட்ரிக்ஸ், பேரி. எங்கள் தபால்பெட்டிகளில் இருக்கும் பலகைகளைவிட அவை நேர்த்தி. மோசிமன் அம்மாவுக்கு அந்தப் பிராணிகள் ஆகாது. "அவர் அதுகளோட கதைச்சு முடிச்சிட்டு மிச்சம் இருந்தா என்னோட கதைப்பார்," என்பார்.

போன பனிக்காலத்தில் வெர்னர் போனார். வசந்தத்தில் பேரி போனது. மிஞ்சியவை லோட்டியும் ட்ரிக்ஸும், இரண்டும் பெண்கள். ஆணான பேரி இருந்தவரை அடங்கி இருந்தவை, அது போனதும் ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கின. லோட்டியின் காது கிழிந்தது. ட்ரிக்ஸ் தின்பதை விட்டது. பிரித்து வைக்கலாம் என்றால், இங்கே கினிப்பன்றியை ஒற்றையாக வளர்க்கச் சட்டம் இடம்கொடாது. ஆளுக்கொரு துணையோடு வேறு வேறு வீட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும். அனுப்பினால் வெர்னரின் மூலை காலியாகிவிடும்.

ஆகாது ஆகாது என்ற மனிசி, அந்த மூலை காலியாகக்கூடாது என்று அழுதார். நான் பார்த்தேன். கட்டடத்துப் பொதுச் சலவை அறையின் சாவியைக் கொடுக்க நான் கீழே இறங்கிய வெள்ளிக்கிழமை, அவர் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது.

4

அன்றைக்குத்தான் கினிப்பன்றிக் காப்பகத்திலிருந்து ரெகுலா வந்திருந்தாள்.

(ரெகுலாவை என்னால் சரியாக எழுத முடியவில்லை. முதல் பிரதியில் அவளைக் கெட்டவளாக்கினேன். இறுகக் கட்டிய கொண்டை, கையில் அளவுகோல். கதை நன்றாகத்தான் ஓடியது. ஆனால் உண்மையான ரெகுலாவின் தலைமயிரில் வைக்கோல் ஒட்டியிருந்தது, குரல் மிருதுவாக இருந்தது. நல்லவர்கள் 'இல்லை' என்று சொல்லும்போது சண்டை பிடிக்கவும் வழியில்லை.)

"குட்டி ஒண்டு தரட்டோ? குட்டியளை இதுகள் கடிக்காதுகள்."

"குட்டி வேண்டாம். எனக்கு எழுபத்தாறு. அது கிழடாகேக்க நான் எங்க இருப்பனோ?"

"அப்ப குர்ட். நாலு வயசு, காயடிச்ச ஆண். பெரிய உடம்பு, நல்ல பொறுமை. இதுக்கு முதல் மூண்டு வீட்டில இருந்தவன்."

"ஏன், கலைச்சு விட்டவையோ?"

"இல்லை. ஒவ்வொரு வீட்டிலயும் கடைசியா மிஞ்சின கிழட்டுக் கினிப்பண்டிக்குத் துணையா அனுப்பினனாங்கள். கிழவி செத்தா இவன் திரும்பி வருவான். ஒற்றையா விடக்கூடாதே."

"எனக்கு மட்டும் அப்பிடியொரு சட்டம் இல்லை," என்றார் மோசிமன் அம்மா.

ரெகுலா சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, குனிந்து வீடுகளைப் பார்த்தாள். லோட்டியின் வீட்டைத் தூக்கி, பின்சுவரைத் தட்டினாள்.

"இதுக்குப் பின்வாசல் இல்லையே?"

"வீடெண்டா ஒரு வாசல்தானே."

"புதுசா வாறவனை இதுகள் ரெண்டும் துரத்தும். அவன் உள்ளுக்கு ஓடுவான். பின்னால வாசல் இல்லாட்டி மூலையில மாட்டுப்பட்டு இரத்தக்காயம்தான். ஆளுக்கு ரெண்டு வாசல் வேணும். அப்பதான் ஓடி ஓடிக் களைச்சு, பிறகு பழகுங்கள்."

"வெர்னர் கண்ணை மூடிக்கொண்டா செய்தவர்?"

"வடிவா செய்திருக்கிறார். இதுகளை நிலவறையில வையுங்கோ. நான் பிளாஸ்டிக் வீடு கொண்டுவாறன்."

மோசிமன் அம்மா லோட்டியின் வீட்டை வாங்கிப் பழைய இடத்திலேயே வைத்தார். ரெகுலா போகும்போது, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு குர்ட்டோடு வருவதாகவும், வாசல் இல்லாவிட்டால் அவனை வேறு வீட்டுக்குக் கொடுக்க வேண்டிவரும் என்றும் சொன்னாள். மிருதுவாகத்தான் சொன்னாள்.

5

உங்கள் கேள்வி எனக்குக் கேட்கிறது. பிளாஸ்டிக் வீட்டை வாங்கினால் என்ன?

நானும் அதைத்தான் கேட்டேன். "நிலவறைக்குப் போனா அது வெர்னர் செய்த சாமான். இஞ்ச இருந்தாத்தான் வீடு," என்றார். அப்படியென்றால் பின்னால் ஒரு வாசலை அறுக்கலாமே என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை உழுந்து அரைத்தவளானேன். வெர்னர் செய்ததில் ரம்பம் வைக்க இவரால் முடியாது.

இந்த இடத்தில் சனிக்கிழமை முழுவதும் நான் ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். அதில் குர்ட் வருவதில்லை. பெண்கள் இரண்டும் தாங்களாகவே சமாதானமாகி, ஒரே வீட்டுக்குள் நெருங்கிப் படுத்து

(குகநேசன் எட்டிப் பார்த்தார். "பொய்," என்றார். "ரெண்டு பெட்டையள் ஒரு குசினிக்குள்ள, ஒண்டு காது கிழிஞ்சு. சமாதானமாமே." அடித்துவிட்டேன். எழுதுகிற மும்முரத்தில் அன்றைக்கு உழுந்து அரைக்க மறந்துபோனேன். இதைக் கதைக்காகச் சொல்லவில்லை, ஊறப்போட்ட உழுந்து உண்மையிலேயே குளிர்பெட்டியில் கிடந்தது.)

6

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மணி அடித்தது. மோசிமன் அம்மா. தலை வாரியிருக்கவில்லை.

"உங்கட அந்த மெசின் இருக்குதோ?"

"சத்தியமா நாங்கள் போடேல்லை," என்றேன்.

"தெரியும். போடுவீங்களோ எண்டு கேக்க வந்தனான்."

"இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை."

(இந்த வசனம் ஒருநாள் என் வாயிலிருந்து அவருக்குப் போகும் என்று யார் கண்டது. அதைச் சொல்லும்போது எனக்கிருந்த சுகத்தை மறைக்க மாட்டேன்.)

"நாளைக்குக் குர்ட் வாறான், அதுக்கு முதல் எனக்கு ஒரு சாமான் அறுக்கவேணும். ரம்பச் சத்தம் உங்கட வீட்டுக்கு மேல இருக்கிற ஷெரருக்குக் கேட்டா, அவன் ஊரைக் கூட்டுவான். உங்கட மெசினெண்டா, வெளிநாட்டு ஆக்கள், தெரியாமல் போட்டிட்டினம் எண்டு விட்டிடுவான்."

"இத்தனை வருசம் இருந்தும் நாங்கள் தெரியாத ஆக்களோ?"

"இண்டைக்கு ஒரு நாளைக்கு," என்றார். பிறகு கையை நீட்டினார். "நான் லிஸ்பெத்."

இங்கே வயதில் மூத்தவர் கையை நீட்டித் தன் முதற்பெயரைச் சொன்னால், அதன் பிறகு 'நீங்கள்' இல்லை, 'நீ'தான். அது தானாக வராது, கேட்டும் வாங்க முடியாது. நான் கையைப் பிடித்துக்கொண்டு, "வதனி," என்றேன். பிறகு, "இஞ்சப்பா, கிரைண்டரைத் தூக்குங்கோ," என்று உள்ளே பார்த்துக் கத்தினேன்.

குகநேசன் கல்லும் குழவியுமாக அதைச் சுமந்து கீழே கொண்டுபோனார். "கினிப்பண்டிக்கு வாசல் வைக்க எனக்கு இடுப்பு முறியுது," என்று ஒவ்வொரு படியிலும் சொன்னார்.

7

திங்கட்கிழமையை இப்போதே சொல்லிவிடுகிறேன், அது எளிது.

எட்டு மணிக்கு ரெகுலா குர்ட்டோடு வந்தாள். இறக்கிவிட்டதும் லோட்டி துரத்தியது, பின்னால் ட்ரிக்ஸும். குர்ட் பேரியின் வீட்டுக்குள் முன்வாசலால் நுழைந்து, பின்வாசலால் வெளியே வந்து, லோட்டியின் வீட்டுக்குள் புகுந்து, அதன் பின்வாசலால் வந்து, வைக்கோல் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தின்னத் தொடங்கினான். அனுபவசாலி. பெண்கள் இரண்டும் மூச்சு வாங்க நின்று பார்த்தன. கொஞ்ச நேரத்தில் ட்ரிக்ஸும் தின்ன வந்தது. ரெகுலா திருப்தியாகத் தலையாட்டினாள். பிறகு பேரியின் வீட்டைத் திருப்பிப் பார்த்து, "மற்ற ரெண்டும் நேராக் கிடக்கு. இது மட்டும் ஏன் கோணல்?" என்று கேட்டாள்.

லிஸ்பெத் குனிந்து குர்ட்டுக்கு இன்னும் கொஞ்சம் வைக்கோல் போட்டார். அதற்குப் பதில் நான் சொல்கிறேன்.

8

லிஸ்பெத்தின் குசினியில், சமையல் மேசை மேல் கிரைண்டர் கடகடவென்று சுழல, பக்கத்தில் அவர் வெர்னரின் ரம்பத்தால் அறுத்தார். நான் ஊறிய உழுந்தைப் போட்டுக் கையால் தள்ளிவிட்டேன், குகநேசன் வீட்டை அசையாமல் பிடித்தார். "தாங்கோ, நான் அறுக்கிறன்," என்று இரண்டு தரம் கேட்டார். கிடைக்கவில்லை. லோட்டியின் வீடு முடிந்தது. ட்ரிக்ஸின் வீடும் முடிந்தது. அறுத்த துண்டுகளை லிஸ்பெத் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பேரியின் வீட்டை எடுத்ததும் நேரம் பிடித்தது. அதன் உள்சுவரில் பென்சிலால் வெர்னர் அளவு குறித்த கோடுகள் அழியாமல் இருந்தன. லிஸ்பெத் ரம்பத்தை வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார். பாதி அறுத்திருப்பார். அப்போது என் கணவர் எட்டி மாவைத் தொட்டுப் பார்த்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் செய்கிற பழக்கத்தில், "மா பதம்," என்று கிரைண்டரை நிறுத்திவிட்டார்.

கட்டடம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. நாங்கள் மூன்று பேரும் மேலே கூரையைப் பார்த்தோம். நான் சுவிட்சுக்குக் கையை நீட்டினேன். லிஸ்பெத் தலையை அசைத்து வேண்டாம் என்றார்.

பிறகு அறுக்கத் தொடங்கினார். அந்த அமைதியில் ஒவ்வொரு இழுப்பும் கேட்டது. கண்ணீர் மூக்கு நுனியில் நின்றது. துடைக்கக் கை இல்லை, அறுப்புக் கோடு கோணிப் போனது. எங்கள் வீட்டுக்கும் மேலே நாற்காலி இழுபட்டது. படிகளில் காலடி இறங்கி வந்தது. லிஸ்பெத் நிறுத்தவில்லை. கதவில் மூன்று தட்டு விழுந்தது.

(ஷெரர் திட்டினாரா, தன்னுடைய ரம்பத்தைக் கொண்டுவந்தாரா என்று இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டையும் கிழித்துவிட்டேன்.)

"வதனி," என்றார் லிஸ்பெத், தலையைத் தூக்காமல். "நீ போய்த் திற. எனக்கு இன்னும் கொஞ்சம் கிடக்கு."

என் கை முழுக்க மா. கதவுக்குக் கிட்ட நிற்பவர், இதைப் படிக்கிற நீங்கள்தான்.