ஒரே டிஸ்க்கில்

கொழுந்தியாளின் புது வீட்டில் டிவி பெரியது. தன் வீட்டுச் சின்னப் பெட்டியில் போட்டுப் பார்த்தபோது எந்தக் குறையும் தெரியாத படம், இங்கே சுவரை அடைத்துக்கொண்டு ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அவருக்குக் காது மடல் சூடேறியது. திரையில் சகலை கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுற்றினான். சுற்றச் சுற்ற அவன் முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. கண் இருந்த இடத்தில் ஒரு பழுப்புக் கட்டம், சிரிப்பு இருந்த இடத்தில் இன்னொன்று. அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அப்பாவைப் போட்டோவில் மட்டுமே பார்த்து வளர்ந்த பாப்பா, திரைக்கு மிக அருகே போய் நின்றாள்.

"பெரியப்பா, அப்பா மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

குடும்பத்தில் அவருக்கு இன்ஜினியர் என்று பேர். பார்ப்பது கம்பெனி ஸ்டோரில் சரக்கு எண்ணும் வேலைதான். ஆனால் யார் வீட்டில் எந்தப் பெட்டி மக்கர் பண்ணினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பேரை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. சகலை இறந்துபோன பிறகு, வீட்டில் எடுத்த வீடியோக்கள் இருந்த இரண்டு பெரிய கேசட்டையும் டிஸ்க்கில் ஏற்றித் தரச் சொல்லிக் கொழுந்தியாள் அவரிடம்தான் கொடுத்தாள். கூடவே ஒரு கட்டு டிஸ்க்கும் வாங்கித் தந்து, "எத்தன டிஸ்க் ஆனாலும் பரவால்ல மாமா, படம் நல்லா வந்தா போதும்" என்றாள்.

ஒரு டிஸ்க்கில் ஒரு மணி நேரம் மட்டும் பதிந்தால் படம் கேசட்டில் இருப்பது போலவே வரும். நேரத்தைக் கூட்டக் கூட்டப் படம் கரையும். இது அவருக்குத் தெரியாததல்ல. ஆபீசில் நாலு பேருக்கு வகுப்பெடுத்தவர்தான். ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட அசதி. மணிக்கொரு தடவை எழுந்து டிஸ்க் மாற்ற யாரால் முடியும்? ரெக்கார்டரை ஆறு மணி நேரத்தில் வைத்துவிட்டுக் கட்டையைச் சாய்த்தார். நடுவில் ஒரு தடவை எழுந்து கேசட்டை மாற்றியதோடு சரி. "மொத்தத்தையும் ஒரே டிஸ்க்கில அடக்கிட்டேன் பாத்தியா?" என்று கொழுந்தியாளிடம் பெருமை வேறு.

"கேசட் பழசும்மா," என்றார் இப்போது. வாய் முந்திக்கொண்டது. "பூஞ்சை பிடிச்சிருக்கும்."

கொழுந்தியாள் பாப்பாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "என் தப்புதான் மாமா. அடுப்புக்கு மேல பரண்ல வெச்சிருந்தேன். அம்மாதாண்டி ஒழுங்கா வெக்கல."

அவர் மனைவி திரும்பி அவரைப் பார்த்தாள். மீந்த டிஸ்க்குகள் அலமாரியில் துணிகளுக்குப் பின்னால் கிடப்பது அவளுக்குத் தெரியும். கையிலிருந்த டம்ளரைத் தரையில் வைத்தாள். அந்தச் சின்னச் சத்தத்துக்கே அவருக்கு உடம்பு கூசியது.

"கேசட்ட எடும்மா. திரும்பப் போட்டுப் பாக்கறேன்."

"ஏது மாமா கேசட்? டிஸ்க்ல ஏத்திட்டா அது வெறும் குப்பைன்னு நீங்கதானே சொன்னீங்க? வீடு மாத்தறப்ப தூக்கிப் போட்டுட்டேன்."

பேசாமல் இருந்துவிடலாம். அவள் நம்பிவிட்டாள், மனைவி காட்டிக்கொடுக்க மாட்டாள். ஆனால் பாப்பா மடியில் இருந்தபடியே அண்ணாந்து அம்மாவை முறைத்துக்கொண்டிருந்தாள். அதைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை.

"உன் தப்பு இல்லம்மா," என்றார் தரையைப் பார்த்து. "கேசட் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் சோம்பேறித்தனப்பட்டு... எல்லாத்தையும் ஒரே டிஸ்க்குல திணிச்சுட்டேன்."

கொழுந்தியாள் உடைந்த கட்டங்களையே பார்த்தாள். பிறகு, "ஒரே டிஸ்க்குன்னு நீங்க சொன்னப்ப எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு மாமா," என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அவள் கை நீட்டினாள். ரிமோட்டைக் கொடுத்தார்.

படத்தை வேகமாக ஓட்டிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நிறுத்தி மெல்ல ஓடவிட்டாள். கேமராவை எதன் மேலோ வைத்து எடுத்த படம். ஜன்னலோரம் நாற்காலியில் சகலை உட்கார்ந்தபடியே தூங்குகிறான். எதுவும் அசையாததால் கட்டங்கள் ஒவ்வொன்றாக அடங்கி முகம் தெளிந்தது. சவரம் செய்யாத தாடை, மூக்கின் மேல் வியர்வை, லேசாகத் திறந்த வாய்.

"அப்பா," என்றாள் பாப்பா.

திரையில் இமை அசைந்தது. தலை நிமிர்ந்து, யாரையோ பார்த்து அவன் சிரிக்கத் தொடங்கினான். கன்னத்தில் முதல் கட்டம் விழுந்ததுமே கொழுந்தியாள் அவசரமாகப் பின்னால் ஓட்டி, அவனை மறுபடியும் தூங்கவைத்தாள்.