ஷட்டர் மூடாத ஏழு வருடம்

ஷெல்விகா படகுத்துறையில், வெறும் காற்றில், ஒளியால் வரைந்த படகு ஒன்று பத்து வருடமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. நீளம் ஒன்பது மீட்டர். முன்பாதி டோர்குன் வரைந்தது, பின்பாதி அன்செல்மோ வரைந்தது. நடுவில் இரண்டு கோடுகளும் ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விழுந்துவிட்டதால், கடலில் விட்டால் இது மூழ்கிவிடும் என்று துறைக் கண்காணிப்பாளர் ஓடுல்ஃப் முதல் நாளே சொல்லிவிட்டார். மற்றபடி அதில் குறை இல்லை.

டோர்குன் எங்கள் ஊர்க்காரி. மீன் இறக்கும் நிலையத்தில் எடைபோடும் வேலை. அன்செல்மோ போர்ச்சுகலில் செத்தூபால் என்ற ஊர்க்காரன். இருட்டில் விளக்கால் வரைந்து அவள் எடுத்த ஒளிப்படம் ஒன்றை எங்கோ பார்த்துவிட்டு, சேர்ந்து வரையலாமா என்று கடிதம் எழுதி, ஒரு டிசம்பரில் ஐந்து லிட்டர் ஆலிவ் எண்ணெய் டின்னோடு வந்து இறங்கினான். எங்களிடம் காட் மீன் கருவாட்டை வாங்குவதே அவன் நாட்டுக்காரர்கள்தான். ஆகவே விலையை மோப்பம் பிடிக்க யாரோ அனுப்பிய ஆள் என்று ஊரே ஒரு முடிவுக்கு வந்தது. வந்த இரண்டாம் நாளே அந்தக் கருவாட்டில் பூண்டை அள்ளிப் போட்டுச் சமைத்தான். அதற்குப் பிறகு, இப்படிப்பட்ட ஆளை யார் வேவு பார்க்க அனுப்புவார்கள் என்று சிலருக்குச் சந்தேகம் வந்தது. ஐந்து குளிர்காலம் வந்துபோன பிறகும் அவன் கடைக்குள் நுழைந்தால் பேச்சு வானிலைக்கு மாறிவிடும்.

டிசம்பரில் எங்களுக்குச் சூரியன் கிடையாது. பிற்பகல் மூன்று மணிக்கே மை இருட்டு. அதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. பழைய பனிக்கட்டிக் கொட்டகையின் சன்னலில் கேமராவை முக்காலியில் நிறுத்தி ஷட்டரைத் திறந்து வைப்பார்கள். கறுப்பு உடையில் விளக்கோடு நடந்து வரைவார்கள். விளக்கு போன வழி படத்தில் கோடாக விழும். நடந்துகொண்டே இருக்கும் கறுப்பு உருவம் படத்தில் விழாது, வெளிச்சத்தில் அசையாமல் நின்றால் விழுந்துவிடும். ஷட்டரை மூடுபவர் பெயர் படத்தில் முதலில் வரும், அதனால் முறை மாற்றி மூடுவது என்று பேச்சு. படகு வரைந்த வருடத்துக்கு முந்தைய குளிர்காலத்தின் கடைசிப் படம் மழையில் கெட்டுப்போயிருந்தது. அதைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று இருவரும் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஆகவே அந்த டிசம்பர் ஒன்பதாம் தேதி, நீளக் கம்பில் விளக்கைக் கட்டிப் படகை வரைந்து முடித்ததும், மூட வேண்டியது மற்றவர் என்று நம்பி இருவருமே காபி குடிக்கப் போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது கேமராவின் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. படகு காற்றில் நின்றது.

குளிரில் நான்கு மணி நேரம்கூடத் தாங்காத பேட்டரி ஏழு வருடம் தாங்கியது. கோடையில் படகு சுண்ணாம்புக் கோடு மாதிரி வெளிறித் தெரியும், கடற்பறவைகள் அதன் விளிம்பில் உட்காரும். நகராட்சி, அனுமதி இல்லாத விளக்கு என்று இரண்டு கடிதம் அனுப்பிவிட்டு ஓய்ந்தது. எங்கள் கவலை வேறு. ஷட்டர் திறந்திருக்கிறது என்றால் துறையில் நிற்பவன் எல்லாம் அந்தப் படத்தில் விழுந்துகொண்டிருக்கிறான் என்று பொருள். அதை யாரிடம் காட்டப் போகிறார்களோ, யாருக்குத் தெரியும்? ஆகவே துறையில் யாரும் நிற்பதில்லை என்று ஆயிற்று. நலம் விசாரித்தாலும் நடந்துகொண்டே விசாரித்தோம். பாதிரியார் ஒரு ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தது கூட அப்படி மூன்று சுற்று நடந்துதான்.

ஷட்டரை மூடினால் படகு அணைந்துவிடும் என்று இருவரும் நம்பினார்கள். அதைவிட, மற்றவர் மூடிவிட்டுப் பெயரைத் தட்டிக்கொண்டு போய்விடுவார் என்று இருவருக்கும் பயம். ஒவ்வொரு டிசம்பரும் அவன் வந்து கேமராவுக்கு வலப்பக்கம் நாற்காலி போட்டான், அவள் இடப்பக்கம் போட்டாள். புதிதாக எதையும் வரையவில்லை. நான்காவது வருடம் இடுப்பு எலும்பு அறுவைக்கு அவள் துரோம்சோ நகரத்துக்குப் போனபோது ஆறு வாரம் தினமும் தொலைபேசியில், அவன் நலத்தை அல்ல, படகு ஒளிர்கிறதா என்றே அவனிடம் கேட்டாள். ஆறாவது வருடம் பேச்சே நின்றது. அவன் கொண்டுவரும் எண்ணெய் டின் திறக்கப்படாமல் அலமாரியில் சேர்ந்தது. பார்க்க எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

ஏழாவது வருடப் புயலில் கொட்டகைக் கூரை கிளம்பியது. ஓடுல்ஃப் கயிற்றோடு ஓடியபோது, சாய்ந்த முக்காலியை இருவரும் கட்டிப் பிடித்திருந்தார்கள். நடந்ததை அவர்தான் எங்களுக்குச் சொன்னார், அதுவும் தமக்காகப் போட்ட நாடகமோ என்ற சந்தேகத்தோடு.

"கைய எடு, டோர்குன்."

"நீ எடு. நான் எடுத்தா நீ அமுக்கிருவ, எனக்குத் தெரியாதா?"

"அமுக்கறவனா இருந்தா நீ ஆஸ்பத்திரியில கெடந்தப்பவே அமுக்கியிருப்பேன். ஆறு வாரம் நானும் இதுவும்தான இருந்தோம்."

"வருசத்துல பத்து மாசம் நானும் இதுவும்தான் இருக்கோம். அமுக்கினேனா?"

ஏன் அமுக்கவில்லை என்று அன்செல்மோ கேட்டான்.

"அமுக்கிட்டா அப்புறம் நீ எதுக்கு இங்க வரப்போற?"

"அட, நான் என்ன நெனச்சேன் தெரியுமா? அமுக்கிட்டா நீ என்னை எதுக்குக் கூப்பிடப்போறன்னு."

கூரை போய்க்கொண்டிருக்கிறது, பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஓடுல்ஃப் கத்தினார். இருவரும் ஒரே பொத்தானில் இரண்டு கட்டைவிரலை வைத்து அமுக்கினார்கள். படம் முழு வெள்ளையாக இருந்தது. ஏழு வருட வெளிச்சம் விழுந்தால் வேறு எப்படி இருக்கும்? நாங்கள் யாரும் அதில் இல்லை. ஓடுல்ஃப் வெளியே எட்டிப் பார்த்து, படகு இருக்கிறது என்றார்.

காவல் காக்க ஒன்றும் இல்லாததால் அடுத்த டிசம்பர் அவன் வரமாட்டான் என்று ஊர் சொன்னது. ஆறாம் தேதியே எண்ணெய் டின்னோடு இறங்கினான். அவள் துறைக்குப் போனாள். படகின் நடுவிலுள்ள அந்த ஒரு சாண் இடைவெளிக்குக் கீழே இருவரும் அசையாமல் நின்று ஒரு மணி நேரம் பேசினார்கள். அதைப் பார்த்த பிறகு நாங்களும் துறையில் நிற்க ஆரம்பித்தோம்.

இப்போது அது துறைப் பதிவேட்டில் நாற்பத்திரண்டாம் எண் படகு. உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர் முதலில் என்பது இன்னும் தீரவில்லை, அதைப் பேசித் தீர்க்கத்தான் அன்செல்மோ வருடாவருடம் வருகிறான். இருவர் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட ஓடுல்ஃபுக்கு ஒரு நிமிடம் ஆகாது. அவர் அந்தக் கட்டத்தைக் காலியாகவே வைத்திருக்கிறார்.